விலையிலிருந்து தொடங்கும் வடிவம்

ஒரு காரைச் செய்து முடித்த பின், அதில் சேர்ந்த இரும்பு, கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், உழைப்பு ஆகியவற்றின் செலவைக் கூட்டி, அதன்மேல் இலாபத்தையும் வரியையும் ஏற்றினால் விலை கிடைத்துவிடும் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆடம்பரக் கார்களைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையும்கூட. ஆனால், மாதச் சம்பளத்திலிருந்து தவணை கட்டும் குடும்பத்துக்கென உருவாகும் நடுத்தர செடானில் இந்தக் கணக்கு தலைகீழாகப் போடப்படுகிறது. வாங்குபவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது முதலில் முடிவாகிறது. அதிலிருந்து வரியும் விற்பனையாளரின் பங்கும் நிறுவனத்தின் இலாபமும் கழிக்கப்படுகின்றன. மிஞ்சும் தொகை என்ஜினுக்கு இவ்வளவு, உடற்கூட்டுக்கு இவ்வளவு, இருக்கைகளுக்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டு, அந்தந்தப் பங்குக்குள் அடங்குமாறு பாகங்களை வரையும் பொறுப்பு பொறியாளர்களிடம் விடப்படுகிறது. இலக்குவிலை வடிவமைப்பு எனப்படும் இம்முறையில், காற்றின் தடையையும் இரும்பின் வலிமையையும் போலவே விலையும் வரைபடத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நிபந்தனையாகிவிடுகிறது. இந்த நிபந்தனைக்கு ஒளிவுமறைவின்றிக் கட்டுப்பட்டு உருவான கார்களுள், 2004ஆம் ஆண்டு ருமேனியாவில் விற்பனைக்கு வந்த டாச்சியா லோகனுக்குத் தனி இடம் உண்டு.

டாச்சியா நிறுவனம் 1966இல் தொடங்கப்பட்டது. ருமேனியாவின் பிதெஷ்தி நகருக்கு அருகிலுள்ள மியோவெனியில் அதன் ஆலை அமைந்தது. பிரான்சின் ரெனால்ட் 12 என்ற காரை அடிப்படையாகக் கொண்ட டாச்சியா 1300 பல பத்தாண்டுகள் அங்கே உற்பத்தியானது. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்து, கிழக்கு ஐரோப்பியச் சந்தைகள் திறக்கப்பட்ட பின், ரெனால்ட்டின் தலைவராயிருந்த லூயி ஷ்வைட்சர் 1997இல் ரஷ்யாவுக்குச் சென்றபோது, காலத்தால் மிகவும் பின்தங்கிய லாடா கார்கள் ரெனால்ட் கார்களின் விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைத்ததையும், அதனாலேயே அவை விற்றுத் தீர்ந்ததையும் கண்டார். புதிய தொழில்நுட்பமும் பழைய விலையும் ஒரே காரில் சேர வேண்டும் என்று கருதிய அவர், 5,000 யூரோ என்ற எண்ணை இலக்காக வைத்தார். 1999இல் டாச்சியாவின் 51 விழுக்காட்டுப் பங்குகளை ரெனால்ட் வாங்கியது. எக்ஸ்90 என்ற குறிப்பெயரோடு ழான்-மரி உர்திழே தலைமையில் நடந்த இத்திட்டம், ஏற்கெனவே உள்ள காரிலிருந்து எதையெதை நீக்கலாம் என்று கேட்கவில்லை. பெரியவர் ஐவரும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளும் மேடுபள்ளமான சாலைகளில் பல்லாண்டுகள் பயணம் செய்ய எது தேவை என்ற கேள்வியிலிருந்து அது தொடங்கியது. மலிவான கார்கள் பலவற்றுக்கு இந்தத் தொடக்கம் வாய்ப்பதில்லை; அவை பெரும்பாலும் விலையுயர்ந்த காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டபின் எஞ்சியவையாகவே நின்றுவிடுகின்றன.

செடான் என்பது மூன்று பெட்டிகளாலான உடலமைப்பு: முன்னே என்ஜின், நடுவே பயணிகள், பின்னே டிக்கி எனப்படும் சரக்கறை. ஒரு காரின் மொத்த நீளத்தில் பயணிகளுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது, முதல் பெட்டியை எவ்வளவு சுருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. இந்தச் சிக்கலுக்கு 1959இல் அலெக் இசிகோனிஸ் தம் மினி காரில் ஒரு தீர்வு கண்டார்: நீளவாக்கில் கிடந்த என்ஜினைக் குறுக்குவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே, அதே எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்து, முன்சக்கரங்களையே இயக்கினார். இடம் மிச்சமாயிற்று, ஆனால் என்ஜினும் கியரும் ஒரே எண்ணெயைப் பங்கிட வேண்டியதாயிற்று. இத்தாலியின் பியட் நிறுவனத்துப் பொறியாளர் தாந்தே ஜகோசா, 1964இல் வெளிவந்த அவுட்டோபியாங்கி பிரிமுலாவில் கியர்பாக்ஸை என்ஜினின் ஒரு முனையில், அதே நேர்கோட்டில் பொருத்தினார். அதனால் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் செல்லும் தண்டுகளின் நீளம் வேறுபட்டாலும், ஒவ்வொரு பாகமும் தனியே கழற்றத் தக்கதாயிற்று. 1969இல் வந்த பியட் 128 இந்த அமைப்பைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்துகாட்டியது. இன்றைய மலிவு விலைக் கார்கள் மிகப் பெரும்பாலானவற்றின் பானெட்டைத் திறந்தால் தெரிவது ஜகோசாவின் ஏற்பாடுதான். அவர் பெயரைக் கேள்விப்பட்ட கார் உரிமையாளர்களோ மிகச் சிலர். லோகனும் அவ்வழி வந்ததே.

அடுத்தது இடம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு சக்கர இடைத்தூரம் எனப்படும்; பயணிகள் அமரும் இடத்தின் நீளத்தைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது. அக்காலத்து ரெனால்ட் கிளியோவில் இது 2,472 மில்லிமீட்டர். அதன் உறுப்புகள் பலவற்றைக் கடன் வாங்கிய லோகனில் 2,630 மில்லிமீட்டர். தரைத் தகட்டை இவ்வாறு நீட்டுவதற்கு ஆகும் கூடுதல் இரும்பின் விலை சிறிது; பின்னிருக்கையில் அதனால் கிடைக்கும் முழங்கால் இடமோ, பெரிய கார்களோடு போட்டியிடும் அளவுக்குப் பெரிது. இதைவிட நுட்பமானது உயரத்தைப் பயன்படுத்திய விதம். அமர்ந்திருப்பவரின் இடுப்பு மூட்டு இருக்குமிடத்தை இடுப்புப் புள்ளி என்று கொண்டே கார் வடிவமைப்பாளர்கள் உட்புறத்தை அளக்கத் தொடங்குவர். அப்புள்ளி தாழ்ந்திருந்தால் கால்கள் முன்னோக்கி நீள வேண்டும்; உயர்ந்திருந்தால் முழங்கால் மடங்கிப் பாதம் கீழ்நோக்கி இறங்கும்; அதே மனிதர் குறைந்த நீளத்தில் அடங்கிவிடுவார். லோகனின் உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டியது. நீளத்தைக் கூட்டுவதைவிடக் கூரையை உயர்த்துவது மலிவு என்பதோடு, வேட்டியோ புடவையோ கனத்த குளிர்கால மேலங்கியோ அணிந்தவர்கள் ஏறி இறங்கவும், மூட்டுவலி உள்ள முதியவர்கள் குனியாமல் அமரவும் அது உதவுகிறது. ஆனால் உயர்ந்த கூரைக்கு விலை வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. காற்றை எதிர்கொள்ளும் முகப்புப் பரப்பு கூடுகிறது; காற்றுத்தடை வேகத்தின் இருமடியில் வளர்வதால், மணிக்கு 120 கிலோமீட்டரில் செல்லும்போது 60 கிலோமீட்டரில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு எதிர்ப்பு எழுகிறது. பெருநெடுஞ்சாலையில் விரைவதைவிட நகரத்திலும் சிற்றூர்ச் சாலைகளிலுமே மிகுதியும் ஓடவிருந்த காருக்கு இந்த இழப்பு பொறுத்துக்கொள்ளத்தக்கது.

டிக்கியின் கொள்ளளவு 510 லிட்டர். பெரிய பயணப் பெட்டிகள் பலவற்றை விழுங்கும் இடம். ஆனால் முதல் தலைமுறை லோகனின் பின்னிருக்கைச் சாய்மானம் மடங்காது என்பதால், ஏணியையோ சுருட்டிய பாயையோ டிக்கியிலிருந்து உள்ளே நீட்டி வைக்க வழியில்லை. விமர்சகர்கள் இதைக் கஞ்சத்தனம் என்றனர். அதற்குப் பின்னாலிருந்த இயற்பியலைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையாகவே தோன்றுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எதிர்மூலைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது காரின் உடல் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. இந்த முறுக்கத்தை எதிர்க்கும் தன்மை முறுக்கு விறைப்பு எனப்படும். அது குறைந்தால் கதவுகள் கிறீச்சிடும், இடுக்குகளில் மழைநீர் புகும், சில ஆண்டுகளில் பற்றவைப்புகள் தளரும். திறந்த அட்டைப்பெட்டி எளிதில் வளைவதும், குறுக்கே ஓர் அட்டையை ஒட்டியதும் இறுகுவதும் எல்லோரும் அறிந்ததே. பின்னிருக்கைக்குப் பின்னால் நிலையாகப் பற்றவைக்கப்படும் குறுக்குத் தாங்கி செடானின் உடலில் அந்த வேலையைச் செய்கிறது. அதைத் திறந்துவிட்டால் இழந்த விறைப்பை வேறிடங்களில் தடித்த தகடுகளால் ஈடுகட்ட வேண்டும். எடையும் விலையும் ஏறும்.

லோகனின் சிக்கனத்தை மிக அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால் அதன் பக்கக் கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பின்னால் வரும் வண்டிகளைக் காண்பதற்காக முன்கதவுகளில் பொருத்தப்படும் இக்கண்ணாடிகளின் பிளாஸ்டிக் கூடு, சாதாரணமாக இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக இரண்டு தனி அச்சுகளில் வார்க்கப்படுகிறது. ஏனெனில் இடக்கூடு வலக்கூட்டின் ஆடிப் பிம்பம். ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதன் இடத்தில் பொருந்தாது. பொருள்களின் இந்தப் பண்பை வடிவியலில் கைத்தன்மை என்பர். ஆயினும், ஒரு கூட்டின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக அமைந்துவிட்டால் கைத்தன்மை மறைந்துவிடுகிறது: இடப்பக்கக் கூட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே வலப்பக்கக் கூடாகிவிடும். லோகனின் வடிவமைப்பாளர்கள் செய்தது இதைத்தான். காற்றோட்டத்துக்காகவோ அழகுக்காகவோ மேற்புறத்தைச் சற்றுக் கூர்மையாக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, எஃகில் குடைந்து செய்யப்படும் விலையுயர்ந்த ஓர் அச்சு மிச்சமாயிற்று. மிச்சம் அத்தோடு நிற்கவில்லை. கிடங்கில் இரண்டு தட்டுகளுக்குப் பதில் ஒன்று போதும். தொழிலாளி பாகத்தை மாற்றி எடுத்துவிட வாய்ப்பில்லை. தொலைவிலுள்ள பட்டறையில் உதிரிப்பாகமாக இடப்புறம் இருந்து வலப்புறம் இல்லாத நிலை வராது. கதவுகளின் பக்கவாட்டில் ஒட்டப்படும் உராய்வுப் பட்டைகளிலும் இடம் வலம் என்ற வேறுபாடு இவ்வாறே ஒழிக்கப்பட்டது.

இந்த எடுத்துக்காட்டு, பெருந்தொகை உற்பத்தியின் பொருளியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் கூட்டில் உள்ள மூலப்பொருளின் விலை அற்பமானது. அச்சைச் செய்யும் செலவு, அதை எத்தனை பாகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு காரின் மேலும் விழுகிறது. ஆகவே தரம் குறைந்த பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் இலாபத்தைவிட, வெவ்வேறான பாகங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் கிடைக்கும் இலாபம் பன்மடங்கு பெரிது. மலிவு என்றவுடன் மெலிந்த தகட்டையும் மட்டமான துணியையும் நினைக்கும் வழக்கம், செலவு உண்மையில் எங்கே பிறக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

முன்கண்ணாடியிலும் இதே சிந்தனையைக் காணலாம். கண்ணாடியைச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால் அதன் நீளம், அது மூடும் உயரத்தைப்போல் இருமடங்காகிறது. 50 பாகையில் நிறுத்தினால் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. சாய்வு கூடக்கூடக் கண்ணாடியின் பரப்பும் எடையும் ஏறுவதோடு, பார்வைக்கோடு கண்ணாடிக்குள் நீண்ட தொலைவு செல்வதால் சிறிய அலையும்கூட உருவங்களை நெளியச்செய்யும். அதைத் தவிர்க்க உயர்ந்த துல்லியம் வேண்டும். வெயில் நாடுகளில் இன்னொரு சுமையும் சேரும்: சாய்ந்த பெரிய கண்ணாடி வழியாக இறங்கும் வெப்பத்தை ஏ.சி. இயந்திரம் வெளியேற்றியாக வேண்டும். லோகனின் கண்ணாடிகள் நிமிர்ந்தவை, வளைவு குறைந்தவை. அதன் டேஷ்போர்டு, அதாவது ஓட்டுநருக்கு முன்னுள்ள கருவிப் பலகை, பெரும்பாலும் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது. உருகிய பாலிபுரோப்பிலீன் அச்சுக்குள் குளிரும்போது சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சுருங்கும். பல துண்டுகள் வெவ்வேறு அளவில் சுருங்கினால் அவற்றுக்கிடையே விழும் இடுக்குகள்தாம் பிற்காலத்தில் கரமுர ஒலியாகக் கேட்கின்றன. ஒரே துண்டாக இருந்தால் இடுக்கும் இல்லை, அதை மறைக்கும் அலங்காரப் பட்டையும் தேவையில்லை. வெளித்தகடுகளும் அவ்வாறே. தட்டையான எஃகுத் தகடு, அழுத்தி இழுத்தல், ஓரம் வெட்டுதல், மடித்தல், துளையிடுதல் எனப் பல அடிகளில் கதவாகவும் பானெட்டாகவும் மாறுகிறது. ஆழமான வளைவும் கூரிய மடிப்பும் கூடக்கூட அடிகளும் அச்சுகளும் பெருகும், கிழிந்து வீணாகும் தகடுகளும் பெருகும். லோகனின் பக்கங்கள் தட்டையாக இருப்பதற்கு வடிவமைப்பாளரின் கற்பனை வறட்சியைக் காரணம் காட்டியவர்கள் அச்சு ஆலைக்குள் நுழைந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

என்ஜினில் புதுமை எதுவும் இல்லை, வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. ரெனால்ட் ஏற்கெனவே பிற கார்களில் பயன்படுத்திவந்த, 1,390 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 75 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் தொடக்க மாதிரிகளில் வைக்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வழக்கமாகிவிட்ட காலத்தில் இதில் இரண்டே வால்வுகள். நான்கு வால்வுகள் அதிவேகச் சுழற்சியில் மிகுந்த காற்றை உள்ளே அனுமதிக்கும் என்பது உண்மை; ஆனால் இரண்டு வால்வு அமைப்பில் காற்று செல்லும் வழி குறுகியிருப்பதால், மெதுவான சுழற்சியிலும் அது விரைந்து பாய்ந்து எரிபொருளோடு நன்கு கலக்கிறது. நெரிசலில் ஊர்ந்தும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டும் செல்லும் குடும்பக் காருக்கு மெதுவான சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையே அன்றாடம் பயன்படுவது. பாகங்கள் குறைவு என்பதால் பழுதுபார்ப்பதும் எளிது.

சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கல் அமைப்பிலும் இரண்டு பழகிய தீர்வுகள் சேர்ந்தன. முன்புறத்தில் ஏர்ல் மெக்பெர்சனின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு உள்ளது. இதில் சுருள்வில்லும் அதிர்வு தாங்கியும் ஒரே தூணில் அடங்கி, மேல்தாங்கி ஒன்றின் தேவையை நீக்கிவிடுகின்றன. குறுக்குவாக்கு என்ஜினுக்கு இடமும் கிடைக்கிறது. பின்புறத்தில் இருப்பது முறுக்குத் தண்டு அச்சு: இரண்டு சக்கரக் கைகளையும் ஒரு திறந்த எஃகுத் தண்டு இணைக்கிறது. இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது தண்டு சும்மா இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் முறுகி, கார் ஒருபுறம் சாய்வதைத் தடுக்கிறது. தனித்தனியே அசையும் பல இணைப்புகள் கொண்ட விலையுயர்ந்த அமைப்பு, வளைவுகளில் இதைவிடத் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் தேய்ந்துபோகும் ரப்பர் புஷ்கள் பல. இதிலோ மிகச் சில. ருமேனியாவின் குண்டுங்குழியுமான சாலைகளையும் ரஷ்யாவின் உறைபனியையும் மனத்தில் வைத்து, இந்த வில்களுக்கு நீண்ட இயக்கமும் டயர்களுக்கு உயர்ந்த பக்கச்சுவரும் கொடுக்கப்பட்டன.

சிக்கனத்துக்கு எல்லை எங்கே என்ற கேள்வி பாதுகாப்பில்தான் கூர்மையடைகிறது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 158 கிலோஜூல். அதே காரைப் பதினாறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் இது. தடுப்பில் மோதிய கணத்தில் இவ்வளவும் எங்காவது செலவாக வேண்டும். காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் உள்ளிருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 27 மடங்கு வேகத்தணிவு விழும். நசுங்கும் தொலைவு பாதியானால் அது இருமடங்காகும். ஆகவே முன்னும் பின்னும் திட்டமிட்டபடி மடிந்து ஆற்றலை விழுங்கும் பகுதிகளும், நடுவே எளிதில் சிதையாத கூண்டும் வேண்டும். செடானின் டிக்கி பின்மோதலில் இத்தகைய மடிப்புப் பகுதியாகத் தானே அமைந்துவிடுகிறது. 2005இல் ஐரோப்பிய என்கேப் அமைப்பு நடத்திய சோதனையில் லோகன், பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் பெற்றது. மலிவுக் கார் என்ற முறையில் அது மோசமான மதிப்பெண் அன்று. ஆயினும், சில சந்தைகளில் அடிப்படை மாதிரி போதிய காற்றுப்பைகள் இன்றியே விற்கப்பட்டது என்பதைக் கண்ணாடிக் கூட்டின் சிக்கனத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று வாங்குபவருக்கு எந்த இழப்புமின்றி நிறுவனத்தின் செலவைக் குறைத்தது. மற்றது செலவை வாங்குபவரின் உடல்மீது மாற்றி வைத்தது. இந்தியாவில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019இலும், அவருக்கு அருகில் அமர்பவருக்கானது அதன் பின்னரும் சட்டத்தால் கட்டாயமாகும் வரை, தொழில்துறை முழுவதும் இந்த இரண்டாம் வகைச் சிக்கனத்தைத் தாராளமாகவே கடைப்பிடித்தது.

உற்பத்தி முறையும் வழக்கத்துக்கு மாறானது. வடிவமைப்பின்போது முழு அளவுச் சோதனை வண்டிகளை வரிசையாகக் கட்டி உடைப்பதற்குப் பதில், பெரும்பகுதி வேலை கணினிப் பாவனையாக்கத்திலேயே முடிக்கப்பட்டது. இது அக்காலத்துக்குத் துணிச்சலான முடிவு. மாறாக, மியோவெனி ஆலையிலோ இயந்திர மனிதர்கள் மிகக் குறைவு. பற்றவைப்பும் பொருத்துதலும் பெரும்பாலும் தொழிலாளர்களின் கையால் நடந்தன. ருமேனியாவில் அப்போது கூலி குறைவு என்பதே காரணம். மிகப் புதிய முறையும் மிகப் பழைய முறையும் ஒரே காரில் கைகோத்தது முரணாகத் தோன்றினாலும், இலக்குவிலை என்ற ஒரே அளவுகோலுக்கு இரண்டும் ஒத்துப்போயின. மொராக்கோ, ஈரான், கொலம்பியா, பிரேசில், ரஷ்யா எனப் பல நாடுகளில் லோகன் பொருத்தப்பட்டது. ஏழை நாடுகளுக்கென்றே திட்டமிடப்பட்ட இக்கார், 2005இல் ஏறக்குறைய 7,500 யூரோ விலையில் பிரான்சிலும் நுழைந்தபோது, அதுவரை பழைய கார்களையே வாங்கிவந்த குடும்பங்கள் முதன்முதலாகப் புதிய காரை நாடிவந்தன.

இந்தியாவில் கதை வேறுவிதமாக நடந்தது. மகிந்திராவும் ரெனால்ட்டும் கூட்டாக 2007இல் நாசிக் ஆலையிலிருந்து லோகனை வெளியிட்டன. உள்ளே விசாலம், உறுதியான அடித்தளம், சிக்கனமான 1.5 லிட்டர் டீசல் என்ஜின் ஆகிய மூன்றும் இந்தியக் குடும்பத்தின் தேவைக்கு அளந்து தைத்தவைபோல் இருந்தும், விற்பனை எதிர்பார்ப்பை எட்டவில்லை. முதல் காரணம் ஒரு வரிவிதி. 2006இன் வரவுசெலவுத் திட்டம், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலாயின் 1,200, டீசலாயின் 1,500 கன சென்டிமீட்டருக்கு மிகாத என்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. லோகனின் டீசல் என்ஜின் 1,461 கன சென்டிமீட்டர். அந்த நிபந்தனையில் தேறியது. நீளமோ ஏறக்குறைய 4.25 மீட்டர். ஐரோப்பாவில் மலிவுக்கு வழிவகுத்த அதே 25 சென்டிமீட்டர், இந்தியாவில் வரியாக விலைப்பட்டியலில் ஏறி உட்கார்ந்தது.

சட்டம் வரைந்த இந்தக் கோடு செடானின் உருவத்தையே மாற்றியதை மாருதி சுசுகி டிசையரின் அளவுகளில் தெளிவாகக் காணலாம். 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012இல் வந்த இரண்டாம் டிசையர், வரிச்சலுகைக்காக 3,995 மில்லிமீட்டரில் வெட்டி நிறுத்தப்பட்டது. வெட்டு முழுவதும் மூன்றாம் பெட்டியில் விழுந்ததால் டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பக்கத்திலிருந்து பார்த்தால், வால் தறிக்கப்பட்டதுபோன்ற அந்த உருவத்துக்கு எந்தக் காற்றியலும் எந்தப் பயணியின் தேவையும் காரணமில்லை. 2017இல் வந்த அடுத்த தலைமுறை, அதே நீளத்துக்குள்ளேயே உட்புறத்தை மறுபடி திட்டமிட்டு டிக்கியை 378 லிட்டராக மீட்டது. பொறியியல் திறமை சட்டத்தின் சிறைக்குள் இவ்வாறும் வெளிப்படும். 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மாற்றியமைக்கப்பட்டபோதும் நான்கு மீட்டர்க் கோடு அழிக்கப்படவில்லை: கோட்டுக்கு இப்பால் 18 விழுக்காடு, அப்பால் 40 விழுக்காடு.

வரி மட்டுமே காரணம் என்று விட்டுவிடவும் முடியாது. லோகனின் தட்டையான பக்கங்களும் ஒரே வார்ப்பான டேஷ்போர்டும் சிக்கனத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிக் காட்டின. இந்தியாவில் செடான் வாங்குவது பெரும்பாலும் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டதை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அறிவிக்கும் நிகழ்ச்சி. அறிவிப்புப் பலகையிலேயே சிக்கனம் தெரிவதை எவரும் விரும்பவில்லை. மாறாக, வாடகைக் கார் ஓட்டுநர்கள் லோகனின் அருமையை உடனே கண்டுகொண்டனர். டாக்சி நிலையங்களில் அது பெருகப் பெருக, சொந்தக் கார் வாங்குவோர் மேலும் விலகினர். 2010இல் ரெனால்ட் கூட்டிலிருந்து விலகியது. மகிந்திரா 2011இல் இதே காருக்கு வெரிட்டோ என்று பெயரிட்டுத் தொடர்ந்தது. 2013இல் அதன் வாலைத் தறித்து நான்கு மீட்டருக்குள் அடக்கி வெரிட்டோ வைப் என ஒரு வடிவத்தையும் வெளியிட்டது. அதுவும் கூட்டத்தை ஈர்க்கவில்லை.

ஆனால் லோகனுக்காக வகுக்கப்பட்ட அடித்தளம் அதோடு முடிந்துவிடவில்லை. ரஷ்யாவில் 2012ஆம் ஆண்டு முதல் அதே அடித்தளத்தின்மேல் எழுந்த லார்கஸ் என்ற காரை டொலியாட்டி ஆலையிலிருந்து விற்றது வேறு எவருமல்ல, ஷ்வைட்சருக்கு இந்த எண்ணத்தையே தந்த லாடாதான். அதே ஆண்டு ஜூலையில், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அமைந்த ரெனால்ட்-நிசான் ஆலையிலிருந்து டஸ்டர் என்ற உயரமான கார் இந்தியச் சந்தைக்கு வந்தது. அடித்தளமும் டீசல் என்ஜினும் லோகனின் வழிவந்தவை. மேலே போர்த்திய தகடுகளில்தான் புடைத்த சக்கர வளைவுகளும் முரட்டு முகப்பும் சேர்ந்திருந்தன. தொடக்க விலை ஏழு இலட்சம் ரூபாயைத் தாண்டியும், லோகனைக் கடந்து சென்ற குடும்பங்கள் காத்திருந்து வாங்கின. 2013க்கான இந்தியாவின் ஆண்டின் சிறந்த கார் விருதும் டஸ்டருக்கே கிடைத்தது.